பழைய சைக்கிளுக்கு மோட்டார்: எந்த வகை உங்கள் வண்டிக்குப் பொருந்தும்?

மூலையில் கிடக்கும் பழைய சைக்கிளுக்கு மோட்டார் போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எத்தனை வாட் வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரையும் அதை மாட்டுவதற்கான சாமான்களையும் சேர்த்து விற்கும் தொகுப்புக்குக் கிட் என்று பெயர். கிட் செய்கிறவர்கள் மனத்தில் வைத்திருப்பது கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த சைக்கிள்களின் அளவுகளை. அதற்கு முந்தைய வண்டி என்றால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) அகலம், ரிம்மின் அளவு, பிரேக் எந்த வகை, கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) எப்படி மாட்டியிருக்கிறது என்ற நான்கு விஷயங்களே பாதி வகைகளை அடித்துவிடும். மிச்சம் இருப்பதில்தான் நமக்குத் தேர்வு. அதனால் பர்ஸை எடுப்பதற்கு முன்னால் டேப்பை எடுங்கள்.

இருந்தாலும் வாட் கணக்கு மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய மாடல் சைக்கிளில், காற்று இல்லாத சமதரையில், 20 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் வேண்டியது சுமார் 105 வாட்தான். 25 கி.மீ. என்றால் 175 ஆகிறது, 30 என்றால் 270-க்குப் போய்விடுகிறது; காற்றைக் கிழிப்பதற்கான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறுவதால் வரும் வினை இது. அதே வண்டியை 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் 15 கி.மீ. வேகத்தில் ஏற்ற 260 வாட் வேண்டும். சாதாரண ஆள் மூச்சு வாங்காமல் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆக 250 வாட் மோட்டாரும் நம் காலும் சேர்ந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். அதுவும் 250 என்று எழுதியிருப்பது மோட்டார் சூடேறாமல் தொடர்ந்து தரும் அளவு. 36 வோல்ட் பேட்டரியும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 15 ஆம்பியர் கண்ட்ரோலரும் சேர்ந்தால் ஏற்றத்தில் கொஞ்ச நேரத்துக்கு 540 வாட் வரை பேட்டரியிலிருந்து இழுக்கும். 1000 வாட் கிட்டைப் பழைய சைக்கிளில் மாட்டுவது முடியாத காரியம் இல்லை. நிறுத்துவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் வண்டியைப் பாருங்கள்

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். பழைய சைக்கிள்களில் நிறைய பேரிடம் இருப்பது குரோமியம் பூசிய இரும்பு ரிம். காய்ந்த சாலையில் பரவாயில்லை, நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டு போகும், பிடிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வண்டியின் எடை ஆறேழு கிலோ கூடி, சராசரி வேகமும் 14-லிருந்து 22-க்கு ஏறப் போகிற நேரத்தில் இதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறும்; 14-லிருந்து 22 என்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அலுமினிய ரிம் உள்ள சக்கரமாக மாற்றினாலே மழைநாள் பிரேக் எவ்வளவோ தேறிவிடும்.

அடுத்து ரிம்மின் அளவு. இது பலரும் கவனிக்காத இடம். கம்பி பிரேக் (வயருக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பிரேக்) வைத்த உயரமான பழைய சைக்கிள்களில் இருப்பது 28 இன்ச், 1½ டயர். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 635 என்று ஒரு எண் இருக்கும். கிட்களில் '28 இன்ச்' என்று போட்டு விற்பது பெரும்பாலும் 700சி எனப்படும் 622 அளவு. பெயர் ஒன்று, ரிம் வேறு. உங்கள் டயர் அதில் ஏறாது, புது டயரும் ட்யூபும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பிரேக்கில் வரும்: கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, அதாவது ஸ்போக்ஸ் கம்பி இருக்கும் பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே தோள் வைத்த ரிம் அது. சாதாரண அலுமினிய ரிம்மில் கட்டை உட்காரவே இடம் இல்லை. பழைய ரிம்மிலேயே மோட்டார் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டாரை, கோத்துவிடலாமே என்றால், அந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 ஓட்டை, பின்சக்கரத்துக்கு 40 ஓட்டை என்பது வழக்கம். மோட்டார் ஹப்கள் பெரும்பாலும் 36 ஓட்டையில் வருகின்றன. 635 அளவில், 36 ஓட்டையில், தோள் வைத்த ரிம்மைத் தேடிப் பிடித்தால் ஒழிய நடக்காது.

26 இன்ச் மலைச் சைக்கிள் அல்லது கியர் வைத்த பழைய ரோடு சைக்கிள் என்றால் இந்தத் தலைவலி கிடையாது. முதலாவது 559, இரண்டாவது பெரும்பாலும் 622 (இன்னும் பழையது என்றால் 630 இருக்கலாம், டயரில் பார்த்துக்கொள்ளுங்கள்).

மூன்றாவது ஃபிரேம், ஃபோர்க் இவற்றின் உலோகம். இந்த ஒரு விஷயத்தில் பழைய சைக்கிள் புதிதைவிட மேல். இரும்பு ஃபோர்க் மோட்டாரின் முறுக்கைத் தாங்கும், வளைந்தாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அலுமினியம் சொல்லாமல் ஒடியும். கார்பன் ஃபோர்க்கில் முன் மோட்டார் என்ற பேச்சே வேண்டாம். ஃபோர்க் மேலே சேரும் இடத்திலும் அடிப்பகுதியிலும் துருவைச் சுரண்டிவிட்டு, விரிசல் கோடு ஏதும் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் மயிர்க்கோடாக வெடித்து அதில் துரு கசிந்திருந்தால் அந்த ஃபோர்க்கை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

முன் ஹப்

பழைய இரும்புச் சைக்கிளுக்கு என் முதல் பரிந்துரை முன்சக்கரத்தில் 250 வாட் கியர் ஹப். காரணம் எளிது: பின்பக்கத்தில் உள்ள எதையும் தொட வேண்டாம். ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரம்), செயின், கியர், கேரியர், பின் பிரேக் எல்லாம் இருந்தபடியே இருக்கும். முன்சக்கரத்தைக் கழற்றி மோட்டார் சக்கரத்தை மாட்டு, பேட்டரியை வை, வயரை இணை, அவ்வளவுதான் என்று கிட் விற்பவர்கள் சொல்வார்கள். முழுக்கப் பொய் இல்லை, ஆனால் அந்த 'மாட்டு' என்ற சொல்லுக்குள் ஒரு நாள் வேலை ஒளிந்திருக்கிறது.

ஹப் மோட்டாரின் அச்சு 12 மி.மீ. தடிமன், இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். பழைய ஃபோர்க்கின் பள்ளம் 8 அல்லது 9 மி.மீ. அச்சுக்கு வெட்டியது. அரத்தால் இரண்டு பக்கச் சுவரிலும் சமமாக ராவி 10 மி.மீ. ஆக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ராவினால் சக்கரம் கோணலாக உட்காரும். பள்ளத்தின் ஆழத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தை மட்டும். அவசரப்பட்டுத் தளர்வாக ராவிவிட்டால் அச்சு ஆடத் தொடங்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அகலத்திலும் பாருங்கள்: கிட்டுக்கு வேண்டியது 100 மி.மீ., பழைய வண்டிகளில் அதைவிடச் சில மி.மீ. குறைவாக இருப்பது உண்டு. இரும்பு என்பதால் மெல்ல விரித்துக்கொள்ளலாம், ஆனால் விரித்த பிறகு இரண்டு நுனியும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

அப்புறம் டார்க் ஆர்ம். அச்சின் சீவிய பகுதியைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க் தண்டோடு கட்டப்படும் ஒரு இரும்புப் பட்டை. 250 வாட் கியர் ஹப் 30, 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும். அந்த முறுக்கை 10 மி.மீ. அகலமே உள்ள அச்சு தாங்க வேண்டும் என்றால், பள்ளத்தின் சுவரில் பல நூறு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழுகிறது. நட் கொஞ்சம் தளர்ந்தாலும் அச்சு தானே சுற்றிப் பள்ளத்தை விரித்து, வயரை முறுக்கி அறுத்துக்கொண்டு, சக்கரம் வெளியே வந்துவிடும். முன்சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரும்பு ஃபோர்க் என்றாலும் ஒரு டார்க் ஆர்ம் கட்டாயம் போடுங்கள், கிட்டோடு வரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள். அச்சிலிருந்து வெளிவரும் வயர் கீழ்நோக்கி வளைந்து, பிறகு மேலே ஏற வேண்டும். நேராக மேலே கட்டினால் மழைநீர் வயர் வழியாக இறங்கி மோட்டாருக்குள் போகும்.

ஓட்டும்போது தெரியும் குறை ஒன்று உண்டு. மணல், சரளை, ஈரமான ஏற்றம் ஆகிய இடங்களில் முன்சக்கரம் பிடிப்பு இல்லாமல் சுழலும், ஏனென்றால் ஏறும்போது எடை முழுக்கப் பின்னால் போய்விடுகிறது. கேரியரில் பேட்டரி, அதன் மேல் மூட்டை என்றால் இன்னும் மோசம். பேட்டரியை ஃபிரேமின் முக்கோணத்துக்குள் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். பழைய உயரச் சைக்கிளின் முக்கோணம் பெரியது, அதற்கென்றே செய்ததுபோல இடம் இருக்கும்.

மோட்டார் வாங்கும்போது வாட்டைவிட அதன் சுற்று எண்ணைக் கேளுங்கள். 28 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் சுமை இல்லாமல் 26 கி.மீ. வேகம், சுமையோடு இருபது இருபத்திரண்டு. நமக்கு அதுதான் வேண்டும். இதே சக்கரத்தில் 300 சுற்று மோட்டாரைப் போட்டால் சமதரையில் பறக்கும், மேட்டில் முனகும். 20 இன்ச் சின்னச் சக்கரத்துக்கென்று செய்த வேகமான மோட்டாரைப் பெரிய சக்கரத்தில் கோத்து விற்பதும் நடக்கிறது.

பின் ஹப்

பிடிப்பு நன்றாக இருக்கும், ஓட்டும் உணர்வும் இயல்பாக இருக்கும். ஆனால் பழைய வண்டியில் இடம் இல்லை. பின் ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 135 மி.மீ. அகலத்துக்கு வருகின்றன, பழைய ஒற்றை கியர், ஐந்து கியர் வண்டிகளில் இருப்பது 120 அல்லது அதற்கும் கீழே, ஆறேழு கியர் ரோடு சைக்கிளில் 126. 126-ஐ 135 ஆக விரிப்பது இரும்பு ஃபிரேமில் நடக்கும். 120-லிருந்து 135-க்கு இழுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பஞ்சர் ஆகி டயர் மாற்ற வேண்டியிருந்தாலும் மோட்டார் வயர், டார்க் ஆர்ம், செயின், கியர் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். 26 இன்ச் பழைய மலைச் சைக்கிள் உங்களிடம் இருந்தால், அதில் ஏற்கெனவே 135 இடைவெளி இருக்க வாய்ப்பு அதிகம். முன்னால் ஸ்ப்ரிங் ஃபோர்க் இருந்தால் பின் ஹப்தான் சரி.

இந்த இடத்தில் கியர் ஹப், டைரக்ட் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. கியர் ஹப்புக்குள் சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், நைலான் பற்சக்கரங்கள் அந்த வேகத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைத்து முறுக்காக மாற்றும். உள்ளேயே ஃப்ரீவீல் இருப்பதால் மோட்டார் அணைந்தால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். எடை இரண்டரை கிலோ அளவு. டைரக்ட் டிரைவில் பற்சக்கரமே கிடையாது, மோட்டார் நேராகச் சக்கரத்தைச் சுற்றும்; அதனால் தேய்வதற்கு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கவும் செய்யும். ஆனால் எடை நான்கு கிலோவுக்கு மேல், பேட்டரி தீர்ந்துவிட்டால் காந்த இழுவையோடு மிதிக்க வேண்டும். சைக்கிளாகவும் ஓட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு கியர் ஹப்.

மிட் டிரைவ்

பெடல் இருக்கும் இடத்தில், கிராங்க் அச்சையே எடுத்துவிட்டு அங்கே மோட்டாரைச் செருகுவது. பாஃபாங் பி.பி.எஸ். 01, 02, டோங்ஷெங் டி.எஸ்.டி.இசட் 2 ஆகியவை வீட்டில் மாட்டுபவர்கள் அதிகம் வாங்குபவை. இதன் பலம் என்னவென்றால், மோட்டாரின் சக்தி சைக்கிளின் கியர் வழியாகவே போகிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஹப் மோட்டார் எட்டு கி.மீ. வேகத்தில் திணறும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போகும், நீண்ட ஏற்றம் என்றால் உள்ளே உள்ள நைலான் பல் இளகும் அளவுக்குச் சூடேறும். மிட் டிரைவில் நீங்கள் கியரைக் குறைத்துவிட்டால் மோட்டார் தனக்கு வசதியான வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மலைப்பாங்கான இடத்தில் இருப்பவர்களுக்கு மற்ற எல்லா வகையும் இரண்டாம்பட்சம்.

இதிலிருந்தே அடுத்த விஷயமும் புரிந்திருக்கும்: கியர் இல்லாத சைக்கிளில் மிட் டிரைவ் போடுவது வீண். ஒற்றை ஃப்ரீவீல் வண்டியில் அதன் ஒரே அனுகூலம் போய்விடுகிறது, செயின் தேய்மானம் மட்டும் மிஞ்சுகிறது.

பொருத்தத்தைப் பார்த்தால், பாஃபாங் வகை 68 முதல் 73 மி.மீ. வரை அகலமுள்ள பி.பி. குழாய்க்குள் (ஃபிரேமின் அடியில் கிராங்க் அச்சு போகும் குழாய்) போகும், உள்விட்டம் ஏறக்குறைய 33.5 மி.மீ. வேண்டும். குழாயின் திருகு மறை எதுவானாலும் பரவாயில்லை, ஏனென்றால் மோட்டார் அந்த மறையில் திருகப்படுவதில்லை, குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் நட்டால் இறுகுகிறது. பழைய ரோடு சைக்கிள்கள் பெரும்பாலும் தேறிவிடும். கஷ்டம் கழற்றுவதில்தான். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் பல வருடத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனியோடு சமமாக விட்டு, கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து ஒரே அடியாக அடிக்க வேண்டும். தட்டித் தட்டி அடித்தால் பின் வளையும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். குழாயின் வலது பக்கத்தில் பேரிங்கைத் தாங்கும் கப் ஆங்கில மறை வண்டிகளில் இடது மறை, அதாவது கழற்றக் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். இது தெரியாமல் எதிர்த்திசையில் நீளமான குழாய் மாட்டி இறுக்கிக்கொண்டே போனவர்கள் நிறைய.

பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் பாஃபாங் வகை ஒத்துவராது, பின்னோக்கி மிதிப்பது செயினுக்குப் போய்ச் சேராது. டோங்ஷெங்கில் கோஸ்டர் பிரேக்குக்கென்றே தனி மாடல் இருக்கிறது. டோங்ஷெங்கின் இன்னொரு சிறப்பு டார்க் சென்சார்: எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்களோ அதற்கு ஏற்ப மோட்டார் உதவும். ஓட்டிப் பார்த்தால் மோட்டார் இருப்பதே தெரியாமல், கால் வலுவாகிவிட்டது போல இருக்கும். மற்ற கிட்களில் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் காந்தத் தட்டு. அரைச் சுற்று மிதித்த பிறகு மோட்டார் எழும், மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். நெரிசலில் அந்த ஒரு கணம் எரிச்சலான விஷயம், அதனால் பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் இல்லாமல் அந்த வகையை ஓட்டாதீர்கள். கிட்டில் வரும் சுவிட்ச் வைத்த பிரேக் லிவர் வயர் பிரேக்குக்கானது. கம்பி பிரேக் என்றால் கம்பியில் ஒட்டும் சின்னக் காந்தமும் காந்தச் சுவிட்சும் தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

பக்கவாட்டு மோட்டாரும் உருளையும்

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பிராக்கெட் போட்டு ஒரு பிரஷ் மோட்டாரை முடுக்கி, தனிச் செயின் வழியாகப் பின்சக்கரத்தை இழுக்கும் கிட் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் 24 வோல்ட், 250 வாட். பார்க்க அசிங்கம், சத்தம் அதிகம், செயினில் கால்சட்டை மாட்டும், கார்பன் பிரஷ் ஒருநாள் தேயும். இவ்வளவையும் சொல்லிவிட்டு இதைப் பாராட்டவும் வேண்டியிருக்கிறது: உங்கள் ரிம், டயர், கம்பி பிரேக் எதையும் இது கேட்பதில்லை. 635 சக்கரத்தோடு இருக்கும் உயரச் சைக்கிளை அதன் உருவம் மாறாமல் ஓட வைக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இரண்டு வயர் மோட்டார் என்பதால் பழுது பார்ப்பதும் சுலபம், மோட்டாரை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தாலே பிழை மோட்டாரிலா கண்ட்ரோலரிலா என்று தெரிந்துவிடும். மோட்டாரின் பல் சக்கரமும் பின்சக்கரத்தின் பல் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கும்படி பிராக்கெட்டை வாஷர் வைத்து நகர்த்தி நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. கோணலாக நின்றால் வேகத்தில் செயின் கழலும்.

டயரில் உருளையை அழுத்தி ஓட்டும் முறை பழையது. பிரான்சில் 1946-லிருந்து விற்ற வெலோசோலெக்ஸ் முன்டயரில் உருளை வைத்த பெட்ரோல் எஞ்சின்தான். மின்சார வடிவில் இன்று கிடைப்பவை ஒரு நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடியவை. மழையில் வழுக்கும், டயரைத் தின்னும். வாடகை சைக்கிள், இரவல் சைக்கிள் என்று வண்டி மாறிக்கொண்டே இருப்பவர் தவிர வேறு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரி

மொத்தச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். மோட்டாரில் கஞ்சத்தனம் செய்தால் சத்தம் வரும், பேட்டரியில் செய்தால் வீடு எரியும்.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. மிதித்துக்கொண்டே ஓட்டினால் கி.மீ.க்கு 8 முதல் 15 வாட் மணி வரை செலவாகும். ஆக 24 கி.மீ.யிலிருந்து 45 கி.மீ. வரை. மிதிக்காமல் த்ராட்டிலை (கைப்பிடியில் முறுக்கும் அல்லது அழுத்தும் ஆக்சிலேட்டர்) மட்டும் பிடித்தால் கீழ் எண்ணைத்தான் எதிர்பார்க்க வேண்டும், எதிர்க்காற்று என்றால் அதுவும் இல்லை. தினசரித் தேவையைப் போல ஒன்றரை மடங்கு வாங்குங்கள், வருடங்கள் போகப் போகக் கொள்ளளவு குறையும்.

லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு என்று ஆசை வரும். 12 வோல்ட், 12 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், எடை 12 கிலோவை ஒட்டி வரும். ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் வேகத்தில் இழுத்தால் அட்டையில் எழுதிய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைப்பது அரிது. அதே வேலைக்கு லித்தியம் இரண்டரை மூன்று கிலோ. பக்கவாட்டு மோட்டார் போட்டு, தினமும் ஐந்தாறு கி.மீ. மட்டும் ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போடுகிறவருக்கு லெட் ஆசிட் ஓடும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

லித்தியத்தில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. சாதாரண லித்தியம் அயன் செல் 3.6 வோல்ட், பத்து செல் தொடரில் 36 வோல்ட் பேக். முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 3.2 வோல்ட், பன்னிரண்டு தொடரில் 38.4. பின்னது கனமும் பருமனும் அதிகம், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு, பல மடங்கு தடவை சார்ஜ் ஏறும். பழைய இரும்புச் சைக்கிளின் எடையோடு பார்த்தால் கூடுதலாக ஒன்றிரண்டு கிலோ பெரிய விஷயமே இல்லை, முக்கோணத்தில் இடமும் இருக்கிறது. அதனால் என் ஓட்டு பாஸ்பேட்டுக்கு. ஒன்று மட்டும் கவனம்: இரண்டின் சார்ஜர் வோல்டேஜ் வேறு, மாற்றிப் போடக் கூடாது.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் எடுத்து வீட்டில் பேக் கட்டுவதை விளையாட்டுபோலக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு செல்லின் வயதும் உள்தடையும் வேறு வேறாக இருக்கும், பலவீனமானது முதலில் காலியாகி முதலில் சூடேறும், செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை அத்தனையையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். கட்டிய பேக்கை, யு.எல். 2271 போன்ற சோதனைச் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பேக்கிலிருந்து வயர் வெளிவரும் இடத்திலேயே 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வெளியேறும் வாசல், மாடிப்படிக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம், தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கீழே விழுந்து அடிபட்ட பேக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

சமதரையில் ஓட்டும், வயர் பிரேக் உள்ள இரும்பு ஃபோர்க் சைக்கிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன் கியர் ஹப், 36 வோல்ட், முக்கோணத்தில் பேட்டரி. கியர் உள்ள பழைய ரோடு சைக்கிளும் ஏற்றமான ஊரும் என்றால் மிட் டிரைவ், வலுவான செயினோடு. ஸ்ப்ரிங் ஃபோர்க் வைத்த மலைச் சைக்கிளுக்குப் பின் ஹப்.

கம்பி பிரேக் உயரச் சைக்கிள்தான் குழப்பமானது. இரண்டு வழி சொல்வேன். வண்டியின் பழமை கெடக் கூடாது என்றால் பக்கவாட்டு மோட்டார், ஆனால் வேகத்தை 18-க்கு மேல் போகவிடாதீர்கள், அந்த பிரேக் அதற்கு மேல் தாங்காது. நன்றாக ஓட வேண்டும், தோற்றம் மாறினால் பரவாயில்லை என்றால் 622 அலுமினிய ரிம்மில் கோத்த முன் ஹப்பைப் போட்டு, ஃபோர்க்கின் தலையில் துளை இருந்தால் அதில் நீளக் கை வைத்த கேலிப்பர் பிரேக்கை (ரிம்மை இரண்டு பக்கமும் இடுக்கிபோலப் பிடிக்கும் வயர் பிரேக்) பொருத்துங்கள். 635-லிருந்து 622-க்கு ரிம் 6.5 மி.மீ. கீழே இறங்குகிறது, கை எட்டுகிறதா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கி.மீ.யோடு உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 750 வாட்டுக்குக் கீழே, 20 மைல் என்கிறது. பல இடங்களில் மிதிக்காமலே ஓட்டும் த்ராட்டில் வைத்தால் வண்டி மொபெட் ஆகிவிடும், பதிவு, காப்பீடு என்று பின்னாலேயே வரும்.

மாட்டி முடித்ததும் வேலை தீர்ந்துவிடாது. மோட்டார் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் குட்டையானவை, தடித்தவை, முதல் சில வாரங்களில் தளர்ந்தே தீரும். விரலால் தட்டி, சத்தம் மந்தமாக வரும் கம்பியை முடுக்கிவிட்டு, சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு நட்டை முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என்னுடையது ஒற்றை கியர் வண்டி, போகும் வழியில் ஒரே ஒரு மேடுதான் இடைஞ்சல், மற்றபடி நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போகிறேன் என்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு மோட்டார் வேண்டாம். பின்னால் உள்ள 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் மாட்டுங்கள், மிதிக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம்.